கரையேற்றி வைத்தல்

மயிலிட்டிக் கரையில் விட்டுவந்த என் தகப்பனாரின் வள்ளத்தைப் பற்றி 1996இல் ஒரு கவிதை எழுதினேன். இருபத்திரண்டு வரிகள். கடைசி வரியில் வள்ளம் காத்திருந்தது. கவிதை ஒரு சிறு சஞ்சிகையில் வந்தது; பிறகு இரண்டு தொகுப்புகளில் அச்சாயிற்று; கூட்டங்களில் என்னை அதை வாசிக்கச் சொன்னார்கள். அதில் ஒரு பொய் இருக்கிறது என்று எனக்குப் பட்டது பதினாறு வருடங்களுக்குப் பிறகு, நோர்வேயில் பேர்கன் நகரத்துக்குத் தெற்கே ஒரு ஃபியோர்ட்டின் கரையில், வேறொருவருடைய படகின் அடிப்பலகையில் கத்திமுனை கனிந்த பழத்தில் இறங்குவதுபோல இறங்கியபோதுதான். இங்கே நான் சொல்ல முனைவது அந்தப் படகைப் பற்றி, அதைக் குளிர்காலத்துக்குக் கரையேற்றி வைக்கும் வேலையைப் பற்றி. கவிதையைப் பற்றி ஏதும் சொல்ல நேர்ந்தால் அது இந்த வேலையின் வழியாகத்தான்.

நோர்வேயின் மேற்குக் கரையில் செப்ரெம்பர் கடைசியிலோ ஒக்ரோபர் முற்பாதியிலோ சிறு படகுகளைக் கரையேற்றிவிடுகிறார்கள். குளிர்நாடு என்றதும் கடல் உறைந்து படகை நெரித்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கரையில் கடல் உறைவது அபூர்வம். அத்திலாந்திக்கின் சூடான நீரோட்டம் அதை உறைய விடுவதில்லை. இங்கே ஆபத்து மேலிருந்து வருகிறது. பேர்கனில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீற்றருக்கும் மேலே மழை. நங்கூரத்தில் கிடக்கும் திறந்த படகு இரண்டு இரவு மழையில் பாதி நிரம்பும். அதன்மேல் ஈரப்பனி ஏறும். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கயிறு செங்குத்தாய் நீருக்குள் இறங்கியிருக்கும். உப்பு மரத்தைக் காக்கும். நன்னீர் அழுகச் செய்யும். கடலில் மிதக்கவென்று செய்த ஒரு பொருளுக்கு வானத்துத் தண்ணீர்தான் எதிரி என்பதை நான் இங்கே வந்துதான் புரிந்துகொண்டேன். என் தகப்பனாருக்கு அது தெரிந்திருந்தது. அவர் அதை ஒருபோதும் வாக்கியமாகச் சொன்னதில்லை.

நான் 1992இல் இந்த நாட்டுக்கு வந்தேன். முதல் நான்கு வருடங்கள் வடக்கே, ஃபின்மார்க்கில், ஒரு மீன் பதனிடும் ஆலையில் கொட் மீனைக் கீறினேன். எங்கள் ஆட்கள் பலர் அங்கே அந்த வேலைதான் செய்தார்கள். நாளெல்லாம் மீன்; ஒரு நாளும் படகு இல்லை. மீன் ஒரு வாசலால் வந்து இன்னொரு வாசலால் பெட்டியாகப் போய்விடும். கடற்கரையிற் பிறந்தவன் கடலுக்கு நூறு யார் தூரத்தில் நின்றுகொண்டு கடலைத் தொடாமல் நான்கு வருடம் கழிக்கலாம். அந்தக் காலத்தில்தான் அந்தக் கவிதையை எழுதினேன் என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

தெற்கே வந்தபின் அயலில் இருந்த ஒரு கிழவரோடு பழக்கம் ஏற்பட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவரிடம் ஓசெல்வர் என்ற வகைப் படகு ஒன்று இருந்தது. பதினாறடி நீளம்; இரண்டு முனையும் கூர்; இரண்டு சோடித் துடுப்பு. ஒவ்வொரு பக்கமும் மூன்றே மூன்று அகலமான பைன் பலகைகள், ஒன்றின் விளிம்பின்மேல் மற்றதன் விளிம்பு ஏறியிருக்கும்படி ஆணியடித்து இறுக்கியவை. பலகை ஏறும் இடத்தில், இறுக்குவதற்கு முன்னாலேயே, தாரில் தோய்த்த கம்பளி நூலை உள்ளே படுக்கவைத்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் வள்ளத்தைக் கட்டி முடித்தபிறகுதான் பலகைச் சந்துகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்துப் பார்ப்பார்கள். இவர்களுடைய கலப்பத்து கட்டும்போதே உள்ளே போய்விடுகிறது. பிறகு அதைக் கண்ணால் காண முடியாது. வடநாடுகளின் இந்தப் படகு மரபை 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிழவர் பத்திரிகையில் அதை வாசித்துவிட்டு, "பட்டியல் வந்து பலகைக்கு எண்ணெய் பூசுமா?" என்று கேட்டார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லலாம். அந்தோனி ராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத்தவர் 1956இல் நோர்வேக்கு வந்தவர். நோர்வேக்காரரின் உதவியோடு 1967இல் உருவான சீநோர் நிறுவனத்துக்கு அவர்தான் மூலகாரணம். காரைநகரில் படகுத்துறை, குருநகரில் வலைத் தொழிற்சாலை. பிற்பாடு கண்ணாடிநார்ப் படகுகள் எங்கள் கரைகளுக்கு வந்தன. என் தகப்பனார் அவற்றைப் பார்த்து, "உதுக்கு எண்ணெயும் வேண்டாம், நிழலும் வேண்டாம். அப்ப ஆள் எதுக்கு?" என்பார். கண்ணாடிநார் பிழையான பொருளல்ல. அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது. அவர் கேட்டது வேறு கேள்வி. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கிழவரை நான் அவருடைய மொழியில் 'நீ' என்றுதான் அழைத்தேன். நோர்வே மொழியில் மரியாதைப் பன்மை வழக்கொழிந்துவிட்டது; அமைச்சரும் 'நீ'தான், பிள்ளையும் 'நீ'தான். தமிழில் எழுத உட்கார்ந்ததும் அவர் 'அவர்' ஆகிவிடுகிறார். இந்த மாற்றத்தில் ஏதோ போய்விடுகிறது. ஆனால் என்னைவிட முப்பது வயது மூத்தவரை ஒருமையில் எழுத என் கை வரவில்லை.

வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதை அவர் என்றும் மாற்றியதில்லை.

முதலில் படகுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். துடுப்பு, நங்கூரம், கயிறு, தண்ணீர் இறைக்கும் மரக்கோரி, காலடிப் பலகைகள். கீழே அகப்பட்ட மீன்செதிள், சிப்பி, ஒரு தூண்டில்முள், யாரோ குழந்தையின் கையுறை. பிறகு உட்புறத்தைக் கடல்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீர் கிட்ட இருக்கிறதே என்று நான் முதல் வருடம் குழாயை இழுத்து வந்தபோது அவர் தடுத்தார். மரத்துக்கு உப்புநீர், இரும்புக்கு நன்னீர். எஞ்சினை அதனால் தனியே கழற்றி, ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஓட விட்டு, அதன் குழாய்களிலிருந்த உப்பைக் கழுவினோம். பிறகு பெற்றோல் வாயை மூடி, உள்ளே தங்கியிருப்பது எரிந்து தீர்ந்து அது தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கீழே பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. எஞ்சினை நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் உள்ளே தண்ணீர் தங்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கிறது. இரும்பு அந்த ஒன்பது சதவீதத்துக்கு இடம் கொடுக்காது; வெடிக்கும்.

பிறகு படகை இழுப்பது. கரையில் குறுக்கே போட்ட மரக்குற்றிகளின்மேல் கொழுப்புப் பூசி, அணியத்தில் கயிறு கட்டி, ஒரு சிறு சுழல்பொறியால் அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். நௌஸ்ட் என்பது இவர்களுடைய படகுக்கொட்டில். கல் அத்திவாரம்; பலகைகளுக்கிடையே வேண்டுமென்றே இடைவெளி விட்ட சுவர்; தரையில் சீமெந்து கிடையாது, மணலும் கூழாங்கல்லும்தான். காற்று உலாவ வேண்டும், ஆனால் படகு முற்றாகக் காய்ந்துவிடவும் கூடாது. காய்ந்தால் பலகை சுருங்கும். தரையின் ஈரம் அதைத் தடுக்கிறது. ஏராக்கட்டையை இரண்டு குற்றிகளில் ஏற்றி, இருபக்கமும் முட்டுக்கொடுத்து, பின்முனை சற்றே தாழ்ந்திருக்கும்படி வைக்க வேண்டும்.

கடைசியாகத் தக்கை. படகின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை. அதை அடைக்கும் விரல் பருமனான மரத்தக்கை. அதைக் கழற்றி, வாசலுக்கு வலப்பக்கத்து ஆணியில் அதன் கயிற்றால் தொங்கவிட வேண்டும். அந்த ஆணியில் வேறெதுவும் தொங்கக் கூடாது. "ஏன் இதே ஆணி?" என்று கேட்டேன். "வசந்தத்தில் படகை இறக்கப்போகிறவன் நானாகத்தான் இருக்க வேண்டுமென்று சட்டமில்லையே" என்றார்.

2009 இலையுதிர்காலத்தில் அவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. படகை நான் தனியே கரையேற்றினேன். இரண்டு வருடம் அவரால் படகில் ஏற முடியவில்லை; படகு கொட்டிலிலேயே கிடந்தது. பார்த்துக்கொள்வதாக நான் சொல்லியிருந்தேன். பார்க்கவும் பார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறை வேலைக்குப் போகும் வழியில் கதவைத் திறந்தேன், அரை இருட்டில் படகு இருந்தது, கதவைச் சாத்தினேன். 2012 ஏப்ரலில் அவர் கைத்தடியோடு வந்தார். கொட்டிலுக்குள் நுழைந்ததும் முதலில் வலப்பக்கத்து ஆணியைப் பார்த்தார். ஆணி வெறுமையாக இருந்தது.

"தக்கை எங்கே?"

அது இருக்க வேண்டிய இடத்தில், துளையில், இருந்தது. நான் கழற்ற மறந்திருந்தேன். இதற்கு ஆழமான காரணம் சொல்ல எனக்கு ஆசைதான். மனவியல் தெரிந்த நண்பர் ஒருவர் சொல்லியும் பார்த்தார். உண்மை என்னவென்றால் அன்று எனக்கு இரவு வேலை இருந்தது; பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கூரையில் ஒரு கற்பலகை நழுவியிருந்தது. அந்த ஒழுக்கில் மூன்று குளிர்காலமும் இரண்டு கோடையும் மழை படகுக்குள் இறங்கி, வழியில்லாமல் நின்றிருக்கிறது. அவர் குனிய முடியாமல் என்னைக் குனியச் சொன்னார். தக்கையை இழுத்தேன். கறுத்த நீர் வெகுநேரம் ஓடியது. அது ஓடி முடியும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவர் சட்டைப்பையிலிருந்த கத்தியை எடுத்துத் தந்தார். ஏராவை ஒட்டிய பலகையில் வைத்து அழுத்தினேன். கை தயாராக இருந்த எதிர்ப்பு அங்கே இல்லை.

அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பலகையை முகர்ந்து பார்க்கச் சொன்னார். காளான் வாசனை. "இந்தப் பலகையை மாற்றலாம். மற்றவை நல்லாய் இருக்கின்றன" என்றார். மாற்றினோம், ஒரு படகுத் தச்சர் அடுத்த குளிர்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டார். செலவில் பாதியை நான் கொடுத்தேன். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

அன்றிரவு 1990 ஜூன் மாதத்து ஒரு காலையை நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்த விதத்தில் அல்லாமல்.

சண்டை மறுபடி தொடங்கிச் சில நாட்கள். பலாலிப் பக்கமிருந்து செல் வந்துகொண்டிருந்தது. மயிலிட்டி முழுவதும் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பதினேழு வயது. எங்கள் கரையில் வள்ளங்களை உயர இழுப்பது வாடைக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்க் காற்று எழும்போது. பனங்குற்றிகளை உருளையாக வைத்துப் பத்துப்பேர் சேர்ந்து இழுப்பார்கள். பலகைக்குச் சுறா எண்ணெய் பூசி, வெயில் பிளக்காதபடி கிடுகால் மூடுவார்கள். அன்று சோளகம் வீசியது. கடல் அமைதியாக இருந்தது. தொழிலுக்குப் போக வேண்டிய பருவத்தில் நானும் தகப்பனாரும் சித்தப்பாவும் மூன்றுபேராக வள்ளத்தை மேட்டுக்கு இழுத்தோம். எண்ணெய் இல்லை. கிடுகு இல்லை. எஞ்சினைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினோம். அம்மா ஒழுங்கையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தகப்பனார் வள்ளத்துக்குள் மறுபடி ஏறினார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"தக்கையைக் கழட்டிறன். மழை பெய்ஞ்சால் தண்ணி நிக்கக் கூடாது."

"இப்ப ஏது மழை? பத்து நாளிலை வந்திடலாம் எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

"சொன்னனான்தான்" என்றார். தக்கையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடங்கள் இந்தக் காட்சியை நான் ஒரு பழக்கத்தின் பிடிவாதமாகவே நினைத்துவந்தேன். தொழிலாளியின் கை தானாகச் செய்யும் காரியம் என்று. கவிதையிலும் அப்படித்தான் ஒரு வரி இருந்தது. கறுத்த தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் கணக்கு எனக்குப் புரிந்தது. யாழ்ப்பாணத்தில் ஜூன் மாதத்தில் மழை இல்லை. தக்கையைக் கழற்றுகிறவன் ஐப்பசி மழையை எதிர்பார்க்கிறவன். வாய் எங்களுக்குப் பத்து நாள் என்று சொன்னது. கை வாடைக்கு ஆயத்தம் செய்தது. அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தத் தக்கை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். முதலில் உறவினர் வீட்டில் ஓர் அலுமாரியின் மேல் இருந்தது. மண்ணெண்ணெய்க்குப் பெரும் தட்டுப்பாடான காலத்தில் ஒரு கான் போத்தலுக்கு மூடியாயிற்று; சற்றுச் சீவிப் பொருத்தினார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்த இரவில் போத்தலோடு அதுவும் விடுபட்டது. ஒருவரும் தேடவில்லை. இதைக் கவிதையில் நான் எழுதவில்லை. நல்ல முடிவாக அது எனக்குப் படவில்லை.

மயிலிட்டித் துறைமுகம் 2017இல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இருபத்தேழு வருடங்கள். அடுத்த வருடம் போனேன். தகப்பனார் அதற்கு முன்பே போய்விட்டார். மேடு இருந்தது, பற்றை வளர்ந்திருந்தது. வள்ளத்தின் ஒரு துண்டுகூட இல்லை. இருக்கவும் முடியாது. நிழலில்லாத வெயில் முதலாம் வருடமே பலகைச் சந்துகளைத் திறந்திருக்கும். பஞ்சு உதிர்ந்திருக்கும். பிறகு கறையான். மிஞ்சியதை யாராவது அடுப்புக்கு எடுத்திருப்பார்கள், எடுத்தால் நியாயம்தான். தக்கையைக் கழற்றியதால் ஒரு மாரி கூடத் தாங்கியிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாரிக்கான வேலையை அவர் செய்துவிட்டுத்தான் வந்தார்.

இனிக் கவிதைக்கு வருகிறேன். இடப்பெயர்வைப் பற்றி நாங்கள் எழுதியவற்றில், என்னுடையதை முதலில் வைத்துச் சொல்கிறேன், பொருட்கள் மிகவும் காத்திருக்கின்றன. வீடு காத்திருக்கிறது, கிணறு காத்திருக்கிறது, முற்றத்து வேம்பு காத்திருக்கிறது. இந்தப் படிமம் எங்களுக்கு ஏன் இவ்வளவு சுலபமாக வாய்த்தது என்று யோசித்திருக்கிறேன். விட்டுவந்தவனுக்கு அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. பொருள் காத்திருக்கிறதென்றால் அங்கே காலம் ஓடவில்லை. நான் போய்ச் சேரும் கணத்தில் அது மறுபடி தொடங்கும். என் பங்குக்கு நான் செய்யவேண்டியது ஏதுமில்லை, ஏங்குவதைத் தவிர. கொட்டில் கதவைத் திறந்து, படகு இருக்கிறதென்று கண்டு, சாத்திவிட்டு வேலைக்குப் போனவனும் இதைத்தான் செய்தான். அந்த இரண்டு வருடமும் படகு காத்திருப்பதாகவே நான் நம்பினேன். அது அழுகிக்கொண்டிருந்தது.

பொருட்களுக்குக் காத்திருக்கத் தெரியாது. அவற்றைக் காத்திருக்கச் செய்வது ஒரு வேலை: உப்புநீரால் கழுவுவது, எண்ணெயை வடித்துப் பார்ப்பது, முட்டுக்கொடுப்பது, கூரையில் நழுவிய கல்லைச் சரிசெய்வது. அந்த வேலையைச் செய்ய முடியாத தூரத்துக்கு நாங்கள் துரத்தப்பட்டோம் என்பது வேறு விஷயம், அது அரசியல். ஆனால் செய்ய முடியாமற்போன வேலையின் பெயரைக்கூடச் சொல்லாமல் பலனை மட்டும் கவிதையில் எடுத்துக்கொள்வது சரியல்ல என்று படுகிறது. என் கவிதை தகப்பனாருடைய கையை ஒரு தரம் கவனித்துப் பார்த்திருந்தால் அதற்கு வேறு கடைசி வரி கிடைத்திருக்கும். கிடைக்காமலும் போயிருக்கலாம், அப்போது எழுதாமல் விட்டிருக்கலாம். சென்ற வருடம் ஒரு தொகுப்புக்காக அந்தக் கவிதையை மறுபடி கேட்டார்கள். கொடுக்கவில்லை.

வசந்தத்தில் படகை இறக்கும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. எவ்வளவு கவனமாக வைத்தாலும் குளிர்காலத்தில் பலகை சற்றுக் காயும். ஆகவே இறக்கிய முதல் நாள் படகு ஒழுகும். சந்து சந்தாகத் தண்ணீர் உள்ளே வரும். புதியவன் பயந்து இறைக்கத் தொடங்குவான். கிழவர் இறைக்க விடமாட்டார். கரையோரம் கட்டி, பாதி நிரம்பி அமிழும்படி ஓரிரவு அப்படியே விட்டுவிட வேண்டும். மரம் கடல்நீரைக் குடித்து ஊதிச் சந்துகளை மூடிக்கொள்ளும். மறுநாள் இறைத்தால் உலர்ந்து நிற்கும்.

கிழவர் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இனிப் படகில் ஏறமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், படகு வேண்டாமென்று சொல்லிவிட்ட அவருடைய பிள்ளைகளுக்கும் தெரியும். போன ஒக்ரோபரில் நான் தனியே கரையேற்றினேன். கூரையில் ஏறி ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்தேன். முடித்துவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். எஞ்சின் எண்ணெய் என்ன நிறம் என்று கேட்டார். சொன்னேன். முட்டுகள் எத்தனை என்று கேட்டார். சொன்னேன்.

"தக்கை?"

"ஆணியில்."

"எந்த ஆணி?"

"வலப்பக்கத்து ஆணி."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அங்கே மழை தொடங்கிவிட்டதா என்று கேட்டார். தொடங்கிவிட்டது என்றேன்.